துறைமுகத்துக்குள் பாடம்: பாய்மரப் படகுப் பந்தயத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டவர்களில் பலர் ஒரு கட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். படகு கவிழாமல் போகிறது, நினைத்த இடத்தில் திரும்புகிறது, பத்திரமாகக் கரை சேர்கிறது. ஆனால் பந்தயம் என்று இறங்கிவிட்டால், ஒரே காற்றில் ஒரே வகைப் படகில் கிளம்பியவர்களில் சிலர் கால் மணி நேரத்துக்குள் எங்கேயோ போய்விடுகிறார்கள். எந்தப் பக்கம் போனார்கள், எப்போது திரும்பினார்கள் என்பதில்தான் அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி இருக்கிறது. இதைத் தண்ணீரில் மட்டுமே கற்க வேண்டுமென்றால் வருடக்கணக்கில் ஆகும். அனுபவப்பட்ட ஒருவர் கரையில் உட்கார்ந்து படம் போட்டுச் சொன்னால் ஒரு மாலையில் புரிந்துவிடும். படகு கிளப்புகளில் நடக்கும் இத்தகைய பேச்சுகளுக்குப் போங்கள் என்று நான் வற்புறுத்துவது அதற்காகத்தான்.

சென்னைக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். இங்கே கடற்காற்று பெரும்பாலும் மதியவாக்கில்தான் எழும். அதுவரை காத்திருக்கும் நேரம் பேச்சுக்கு ஏற்ற நேரம்.

எங்கே போவது, எப்படிக் கேட்பது

சென்னையில் முக்கியமான இடங்கள் இரண்டு. ஒன்று, ராயல் மெட்ராஸ் யாட் கிளப். அன்றைக்குத் துறைமுகத்தின் பொறுப்பில் இருந்த சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் 1911இல் தொடங்கியது. இன்னொன்று, தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷன். 2021இல் ஓமனில் நடந்த தகுதிப் போட்டியில் தேறி, பாய்மரப் படகில் ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான நேத்ரா குமணன், பள்ளி வயதில் இந்தச் சங்கத்தின் கோடை முகாமில்தான் படகேறினார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கிய கே.சி. கணபதி, வருண் தக்கர் ஜோடியும் சென்னைக்காரர்கள்தான். சென்னையில் தொடங்கினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இவர்களே சாட்சி.

இரண்டும் சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கின்றன. பாதுகாப்பு வளையத்துக்குள் இருக்கும் இடம் என்பதால், நினைத்த நேரத்தில் வண்டியை விட்டுக்கொண்டு உள்ளே போக முடியாது. முன்கூட்டியே போன் செய்து, அனுமதிக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். புகைப்பட அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

போன் செய்யும்போது "பேச்சு நடக்குமா?" என்று பொதுவாகக் கேட்டால் "அப்படித் தனியாக எதுவும் இல்லையே" என்ற பதில் வரக்கூடும். மூன்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். பந்தயத்துக்கு முன் நடக்கும் விளக்கக் கூட்டம், பந்தயம் முடிந்தபின் நடக்கும் அலசல், விதிமுறை வகுப்பு. "நான் புதுசு சார், ஓரமாக உட்கார்ந்து கேட்கலாமா?" என்று கேட்டால் பொதுவாக யாரும் மறுப்பதில்லை. பிள்ளைகளைக் கொண்டுவிடும் பெற்றோரும் இந்தக் கூட்டங்களில் உட்கார்வது நல்லது. வீட்டுக்குப் போகும் வழியில் பேச விஷயம் கிடைக்கும். பிள்ளை சொல்வதும் விளங்கும்.

படகைப் பற்றிச் சுருக்கமாக. 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஆப்டிமிஸ்ட்: 2.3 மீட்டர் நீளம், 35 கிலோ எடை, ஒரே பாய். பெரியவர்களுக்கு ஐஎல்சிஏ, அதாவது முன்பு லேசர் என்று அழைக்கப்பட்ட படகு. படகின் உடல் ஒன்றுதான், ஓட்டுபவரின் எடைக்குத் தகுந்தபடி 4, 6, 7 என்று மூன்று பாய் அளவுகள். நீச்சல் தெரியாமல் எதிலும் ஏறாதீர்கள். தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏறாதீர்கள்.

கூட்டத்துக்குப் போகும் முன்

ஒரு சின்ன நோட்டு, பென்சில், முடிந்தால் நான்கைந்து காலித் தீப்பெட்டிகள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பந்தயப் பேச்சு முழுவதும் படகுகள் ஒன்றுக்கொன்று எந்த நிலையில் இருந்தன என்பதைப் பற்றியது. மேசையில் தீப்பெட்டிகளை வைத்து, காற்று எங்கிருந்து வருகிறது என்று காட்ட ஒரு பேனாவை வைத்துவிட்டால், வாயால் சொல்லிப் புரியாதது கண்ணால் பார்த்தவுடன் புரியும். கேள்வி கேட்கும்போதும் தீப்பெட்டியை நகர்த்திக் கேளுங்கள். "நான் இங்கே இருந்தேன், அந்தப் படகு இப்படி வந்தது" என்று காட்டினால் பதிலும் தெளிவாக வரும்.

இன்னொன்று. ஒரு கூட்டத்திலிருந்து ஒரு விஷயத்தை மட்டும் அடுத்த தடவை தண்ணீருக்கு எடுத்துப் போங்கள். பத்தைக் குறித்துக்கொண்டு பத்தையும் செய்யப் பார்த்தால் படகை ஓட்டவே மறந்துபோகும்.

விதிமுறை வகுப்பு

உலகம் முழுவதும் ஒரே விதிப் புத்தகம்தான். வேர்ல்ட் செய்லிங் அமைப்பு நான்கு வருடத்துக்கு ஒரு தடவை திருத்தி வெளியிடுகிறது. இப்போது நடப்பில் இருப்பது 2025 முதல் 2028 வரைக்கானது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்ய வேண்டாம். புதியவருக்கு முதலில் வேண்டியவை இவ்வளவுதான்:

விதி 1: ஆபத்தில் இருப்பவருக்கு உதவ வேண்டும். பந்தயத்தில் முதலில் போய்க்கொண்டிருந்தாலும் சரி.

விதி 10: டாக் என்பது காற்று படகின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைக் குறிக்கும்; இடப்பக்கம் என்றால் போர்ட், வலப்பக்கம் என்றால் ஸ்டார்போர்ட். எதிரெதிர் டாக்கில் இரண்டு படகுகள் சந்தித்தால் போர்ட் டாக்கில் இருப்பவர் விலக வேண்டும். காற்று உங்கள் வலப்பக்கத்திலிருந்து வந்து, பாயின் அடிக்கட்டையான பூம் இடப்பக்கம் இருந்தால் நீங்கள் ஸ்டார்போர்ட் டாக், வழி உங்களுக்கு.

விதி 11: ஒரே டாக்கில் பக்கவாட்டில் ஒட்டிப் போகும் படகுகளில், காற்று வரும் பக்கம் இருப்பவர் விலக வேண்டும். விதி 12: முன்னும் பின்னுமாகப் போனால் பின்னால் வருபவர் விலக வேண்டும். விதி 13: டாக் மாற்றிக்கொண்டிருப்பவர், அதாவது முன்முனையைக் காற்றின் குறுக்கே திருப்பி மறுபக்கம் போகிறவர், திரும்பி முடிக்கும் வரை மற்றவர்களை விட்டு விலகியிருக்க வேண்டும்.

விதி 18: மார்க் என்னும் மிதவையைச் சுற்றும்போது உள்பக்கம் இருப்பவருக்கு இடம் கொடுக்கும் விதி. மூன்று படகு நீளத்துக்குள் வந்ததும் இது பொருந்தும். ஐஎல்சிஏ 4.23 மீட்டர், ஆக ஏறக்குறைய 12.7 மீட்டர். இந்த விதியை முழுதாகப் புரிந்துகொள்ள ஒரு வகுப்பு போதாது. முதல் வருடத்தில், மார்க்குக்குப் பத்துப் படகு சேர்ந்து வந்தால் வெளிப்பக்கமாகச் சுற்றிப் போய்விடுங்கள். கொஞ்சம் தூரம் கூடும், படகு உடையாது.

விதியை மீறிவிட்டால் என்ன செய்வது என்று வகுப்பில் கட்டாயம் கேளுங்கள். வழக்கமான தண்டனை, உடனே விலகிப் போய் ஒரே திசையில் இரண்டு முழுச் சுற்று போடுவது. மார்க்கைத் தொட்டுவிட்டால் ஒரு சுற்று. அடுத்தவர் உங்களிடம் மீறிவிட்டால் "புரோடெஸ்ட்" என்று உடனே உரக்கச் சொல்ல வேண்டும். கரைக்கு வந்தபின் சொன்னால் செல்லாது. புதியவர்கள், அதிலும் பெரியவர்களோடு ஓட்டும் பிள்ளைகள், இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படத் தேவையில்லை. நடுவர் இல்லாமல் ஓட்டுபவர்களே நேர்மையைக் காக்கும் விளையாட்டு இது. கேட்பதும் ஒப்புக்கொண்டு சுற்றுவதும் அதன் இயல்பான பகுதிகள்.

ஸ்டார்ட் பற்றிய பேச்சு

பேச்சுகளில் இதைத் தவறவிடவே கூடாது. பந்தயம் கிளம்பும் அந்த 5 நிமிடம் ஒரு தனி உலகம்.

பந்தயத்தை நடத்துபவர்கள் இருக்கும் கமிட்டி படகுக்கும் ஒரு மிதவைக்கும் நடுவே உள்ள கற்பனைக் கோடுதான் ஸ்டார்ட் கோடு. கமிட்டி படகில் வகுப்புக் கொடி, அதாவது உங்கள் படகு வகைக்கான கொடி, ஏறினால் 5 நிமிடம். 4 நிமிடம் இருக்கும்போது இன்னொரு கொடி ஏறும். பெரும்பாலும் நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் இருக்கும் பி (P) கொடி. 1 நிமிடம் இருக்கும்போது அது இறங்கும். வகுப்புக் கொடி இறங்கினால் ஸ்டார்ட். ஒவ்வொன்றுக்கும் ஹாரன் சத்தம் உண்டு. ஆனால் கணக்கு கொடிக்குத்தான். ஹாரன் அடிக்காமல் போனாலும் கொடி இறங்கிவிட்டால் ஸ்டார்ட் ஆகிவிட்டது. கைக்கடிகாரத்தில் ஸ்டாப்வாட்ச் வசதி கட்டாயம் வேண்டும். வெள்ளையில் நீலச் சிலுவை போட்ட கொடி ஏறினால், முன்கூட்டியே கோட்டைத் தாண்டியவர்கள் திரும்பி வர வேண்டும். நீலமும் மஞ்சளுமான முக்கோணக் கொடி ஏறினால் எல்லாரும் திரும்ப வேண்டும்.

கோட்டின் எந்த முனை நல்லது என்பதுதான் அடுத்த கேள்வி. கோட்டின் நடுவில் படகை நேராகக் காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்துங்கள். படகின் முன்முனை எந்தப் பக்கம் சாய்ந்து காட்டுகிறதோ, அந்த முனை காற்றுக்கு அருகில் இருக்கிறது. முதல் மார்க் பொதுவாகக் காற்று வரும் பக்கம் இருப்பதால் அதுவே நல்ல முனை. 100 மீட்டர் கோடு 10 டிகிரி சாய்ந்திருந்தால் ஒரு முனையில் கிளம்புபவருக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் லாபம். இவ்வளவு தூரத்தைப் படகு வேகத்தில் பிடிக்க நீண்ட நேரம் ஆகும்.

கோட்டில் நாம் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க எல்லாப் பேச்சிலும் ஒரு வழி சொல்வார்கள்: ஒரு முனைக்கு வெளியே போய் நின்று, அங்கிருந்து மறுமுனையையும் அதற்குப் பின்னால் கரையில் தெரியும் ஏதாவது ஒன்றையும் ஒரே நேர்கோட்டில் பார்த்து வைத்துக்கொள்வது. இதைச் சென்னைக்கு மாற்றிப் பாருங்கள். கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வருகிறது என்றால் கோடு வடகிழக்கும் தென்மேற்குமாக நிற்கும். கமிட்டி படகு வழக்கம்போல வலது முனையில், அதாவது தென்மேற்கில் இருக்கும். மிதவை முனைக்கு வெளியே நின்று கமிட்டி படகைப் பார்த்தால் பின்னால் நகரம் விரியும்: மெரினா கலங்கரை விளக்கமோ ஏதாவது உயரமான கட்டடமோ கிடைக்கும். ஸ்டார்ட்டுக்கு 20 விநாடி இருக்கும்போது அந்தக் கட்டடம் கமிட்டி படகுக்கு எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்தால் போதும், கோட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்களா, தாண்டிவிட்டீர்களா என்று தெரிந்துவிடும். வடகிழக்குப் பருவக்காற்றில் கோடு திரும்பிக்கொள்ளும். அப்போது கமிட்டி படகிலிருந்து மிதவையைப் பார்த்தால், பின்னணியில் வடசென்னைக் கரையில் அடையாளம் தேட வேண்டும்.

காற்றும் நீரோட்டமும்

இங்கேதான் நான் நிறைய நேரம் செலவழிக்கச் சொல்வேன். பேச்சுகளில் காட்டப்படும் படங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் வேறு கடல்களைப் பற்றியவை. அங்கே ஏற்றவற்றம் பெரிய விஷயம். கடல் நீர்மட்டம் ஏறும் நேரம், இறங்கும் நேரம் பார்த்துத்தான் வழியே தீர்மானிப்பார்கள். சென்னையில் ஏற்றவற்ற வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். இங்கே படகை நகர்த்துவது கரையோர நீரோட்டம், அது பருவத்தைப் பொறுத்து மாறும். பொதுவாகப் பிப்ரவரி முதல் மே வரை வடக்கு நோக்கி ஓடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கி ஓடும்.

இதை ஸ்டார்ட்டோடு சேர்த்துப் பாருங்கள். ஏப்ரல் மதியம், தென்கிழக்குக் காற்று, வடக்கே ஓடும் நீர். அது உங்களைக் கோட்டிலிருந்து பின்னாலும், மிதவை முனைப் பக்கமும் தள்ளும். அரை நாட் வேகம், அதாவது மணிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, என்றால் 5 நிமிடத்தில் 75 மீட்டருக்கு மேல். சும்மா மிதந்து காத்திருப்பவர் ஸ்டார்ட் நேரத்தில் கோட்டுக்கு வெகு பின்னால் இருப்பார். நவம்பரில் வாடைக்காற்று, தெற்கே ஓடும் நீர். அப்போதும் பின்னால்தான் தள்ளும், ஆனால் கமிட்டி படகு முனைப் பக்கமாகத் தள்ளும். அந்த முனையில் நெரிசல் கூடும். கமிட்டி படகின் நங்கூரக் கயிற்றில் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பேச்சில் சொல்லும் பொது விதியை இப்படி மாதத்தோடும் காற்றோடும் சேர்த்துக் கேளுங்கள். "சார், இது நம்ம ஊரில் நவம்பரில் எப்படி இருக்கும்?" என்ற ஒரு கேள்வி அந்த முழுக் கூட்டத்துக்கும் உதவும்.

நீரோட்டத்தை அன்றைக்குக் கண்டறிய எளிய வழி, நங்கூரமிட்ட மிதவையின் அருகே பாதி தண்ணீர் நிரம்பிய பாட்டிலைப் போட்டு ஒரு நிமிடம் பார்ப்பது. பிறகு பாட்டிலை எடுத்துவிடுங்கள், கடலில் விட வேண்டாம். காசிமேட்டு மீனவர்களிடம் கேட்க வாய்ப்பிருந்தால் இன்னும் நல்லது. நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, கச்சான் இன்றைக்கு எப்போது ஓயும் என்று தினமும் கடலைப் பார்ப்பவர்கள் அவர்கள்.

கச்சான் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து வரும் இந்தத் தரைக்காற்று பலமாக இருந்தால் கடற்காற்று தாமதமாகும்; சில நாள் வரவே வராது. இரண்டும் மோதும் நேரத்தில் காற்று செத்து, திடீரென்று எதிர்ப்பக்கத்திலிருந்து எழும். அப்படிப்பட்ட நாளில் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் போட்ட ஒத்திவைப்புக் கொடி நீண்ட நேரம் பறக்கும். கடற்காற்று நிலைத்தபின், மாலைக்குள் அது பொதுவாகக் கடிகார முள் சுற்றும் திசையில் திரும்பும்: கிழக்கிலிருந்து தென்கிழக்குக்கு, அப்புறம் தெற்குப் பக்கமாக. பூமியின் சுழற்சியால் வருவது. காற்று வலப்பக்கம் திரும்பப்போகிறது என்று தெரிந்தால், காற்றை நோக்கி ஏறும்போது முதலில் வலப்பக்கம் போவது லாபம். எல்லா நாளும் இப்படி நடக்காது என்பதால், கிளம்பும் முன் அரை மணி நேரம் திசைகாட்டியைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

திசைகாட்டிக் கணக்கு எளிது. பாய்மரப் படகு நேராகக் காற்றுக்குள் போகாது. இருபுறமும் ஏறக்குறைய 45 டிகிரி விலகித்தான் போகும். காற்று 130 டிகிரியிலிருந்து வந்தால் ஸ்டார்போர்ட் டாக்கில் படகின் முன்முனை காட்டும் திசை 85, போர்ட் டாக்கில் 175. இந்த இரண்டு எண்ணையும் படகில் கிரீஸ் பென்சிலால் எழுதி வையுங்கள். பந்தயத்தில் ஸ்டார்போர்ட் டாக்கில் இருக்கும்போது 85க்குப் பதில் 75 காட்டினால் காற்று உங்கள் முன்முனைப் பக்கம் 10 டிகிரி திரும்பிவிட்டது, மார்க்கிலிருந்து விலகிப் போகிறீர்கள். உடனே டாக் மாற்றுங்கள். போர்ட் டாக்கில் இப்போது 165இல் போகலாம், மார்க்குக்கு நெருக்கமான வழி. பக்கவாட்டில் 100 மீட்டர் பிரிந்து போகும் இரண்டு படகுகளுக்கு நடுவே இந்த 10 டிகிரி மாற்றம் சுமார் 25 மீட்டர் வித்தியாசத்தை உண்டாக்கும். முன்னால் போனவர்கள் எப்படிப் போனார்கள் என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

பந்தயம் முடிந்தபின்

களைத்துப்போய்க் கரையேறியதும் வீட்டுக்குக் கிளம்பத் தோன்றும். கிளம்பாதீர்கள். அன்றைக்கு ஜெயித்தவர் டீ குடித்துக்கொண்டே சொல்லும் பத்து நிமிடப் பேச்சுதான் எல்லா வகுப்பையும்விடப் பெரிது. அதே காற்று, அதே நீர், உங்கள் கண் முன்னால் நடந்தது. "எப்படி ஜெயிச்சீங்க?" என்று கேட்டால் "நல்லா ஓட்டினேன்" என்பார். "முதல் மார்க்குக்குப் போகும்போது நீங்க எப்போது வலப்பக்கம் திரும்பினீங்க, என்ன பார்த்தீங்க அண்ணா?" என்று கேட்டால் முழுக் கதையும் வரும். ஜெயித்தவரோடு, நடுவில் வந்தவரிடமும் கேளுங்கள். ஸ்டார்ட்டில் பிந்தி, அப்புறம் எட்டுப் படகைத் தாண்டி வந்தவரிடம் கற்க நிறைய இருக்கும்.

இதற்கு இணையான இன்னொரு வகுப்பும் உண்டு, அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. ஒரு நாள் ஓட்டாமல், கமிட்டி படகில் உதவிக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். கொடி ஏற்ற, நேரம் பார்க்க, முடிவு எழுத ஆள் எப்போதும் வேண்டும். கோட்டின் முனையில் உட்கார்ந்து ஐந்தாறு ஸ்டார்ட் பார்த்துவிட்டால், யார் சீக்கிரம் வேகம் எடுக்கிறார்கள், யார் அடுத்தவர் பாயின் மறைவில் காற்றில்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் கண்ணாடிபோலத் தெரியும்.

முதல் பந்தயம்

ஓட்டத்தை முடிப்பதுதான் குறி. புள்ளிக் கணக்கில் முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 2 என்று போகும். குறைந்த புள்ளி எடுத்தவர் வெற்றி. முடிக்காமல் திரும்பினால், பந்தயத் தொடருக்குப் பெயர் கொடுத்த படகுகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிப் போடுவார்கள். அதனால் கடைசியாக வந்து முடித்தாலும் முடிக்காததைவிட மேல். ஸ்டார்ட்டில் நெரிசலான முனைக்குப் போகாமல் கோட்டின் நடுவில் நின்று, திறந்த காற்றில் கிளம்புங்கள். முன்னால் ஒரு படகு உங்கள் காற்றை மறைத்தால் காத்திருக்காமல் டாக் மாற்றிவிடுங்கள்.

தண்ணீர் பாட்டில், தொப்பி, முழுக்கைச் சட்டை, கையுறை மறக்க வேண்டாம். சென்னை வெயிலில் இரண்டு பந்தயம் ஓட்டினால் தலை சுற்றும், தலை சுற்றினால் முடிவெடுக்க முடியாது. கரைக்கு வந்ததும் படகையும் பாயையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கிளப்பில் வருகைப் பதிவேடு வைத்திருந்தால் திரும்பி வந்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் டீ குடிக்கப் போக வேண்டும். கையெழுத்து இல்லையென்றால், நீங்கள் இன்னும் கடலில் இருப்பதாக நினைத்து மீட்புப் படகு தேடக் கிளம்பும்.